துருவுக்கு முன் நிறுத்தப்படும் கோதுமை

புதிய கோதுமை ரகம் ஒன்று உழவரின் கைக்குப் போவதற்கு முன், பல பருவங்கள் வேண்டுமென்றே நோய்க்கு ஆளாக்கப்படுகிறது. அமோகமாக விளைந்து, மணி திரண்டு, மாவும் நன்றாக அமைந்த ரகமாகவே இருக்கட்டும். துரு நோயைத் தாங்காது என்று தெரிந்துவிட்டால் அதை அப்போதே கழித்துவிடுவார்கள். விளைச்சல் சற்றுக் குறைவான ரகத்தால் உழவருக்கு வரும் நட்டம் ஓரளவுதான். நோய்க்குப் பணிந்துபோகும் ரகம் ஒரு வட்டாரம் முழுக்கப் பரவிவிட்டாலோ, ஒரே பருவத்தில் எல்லோரும் சேர்ந்து பதரை அறுக்க நேரும். அந்த ஆபத்தை, கையிலிருப்பது ஒரு பிடி விதையாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிட வேண்டும். முன்சோதனை இதற்காகத்தான்.

கோதுமையைத் தாக்கும் துரு மூன்று வகை. தண்டில் செம்பழுப்பாகப் புறப்பட்டுக் கடைசியில் கறுத்துப்போவது கருந்துரு. இலைப்பரப்பில் சிறு பொட்டுகளாகச் சிதறிக் கிடப்பது பழுப்புத் துரு. இலை நரம்பின் போக்கில் வரிவரியாக ஓடுவது மஞ்சள் துரு. மூன்றுமே பக்சீனியா என்ற பூஞ்சாணப் பேரினத்தைச் சேர்ந்தவை. மஞ்சள் துருவுக்கு நல்ல குளிர் வேண்டும். பழுப்புத் துருவுக்கு மிதமான குளிர் போதும். கருந்துருவுக்குக் கொஞ்சம் வெப்பமும் இலையில் ஈரமும் வேண்டும். நோய் கண்ட இலையை விரலால் தடவினால் துருப்பிடித்த இரும்பைத் தொட்டதுபோல நிறம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவது பூஞ்சாணத்தின் வித்துகள். ஒரே கொப்புளம் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் அவற்றை உதிர்க்கிறது. காற்றில் போய் வேறோர் இலையில் விழும் வித்து, இரவுப் பனியில் முளைத்து, இலைத்துளை வழியே உள்ளே நுழைகிறது. இரண்டு வாரத்துக்குள் புதுக் கொப்புளமாக வெடிக்கிறது. கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் இது நடந்தால் மணிக்குப் போக வேண்டிய சத்தைப் பூஞ்சாணமே எடுத்துக்கொள்கிறது, மணி சுருங்கிப்போகிறது. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும் கருந்துரு அழித்த கோதுமை ஏறத்தாழ 30 கோடி புஷல், அதாவது 80 லட்சம் டன்.

எதிர்ப்புத் திறன் செடியின் பரம்பரையில் இருக்கிறது என்பதை முதலில் தெளிவாகக் காட்டியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ரோலண்ட் பிஃபன். மெண்டலின் மரபு விதிகள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. மஞ்சள் துருவைத் தாங்கும் கோதுமையையும் தாங்காத கோதுமையையும் ஒட்டுச் சேர்த்து, பேரப்பிள்ளைத் தலைமுறையில் நோய் கண்ட செடிகளையும் காணாத செடிகளையும் அவர் எண்ணிப் பார்த்தார். நான்கில் ஒரு பங்கு செடிகள் தப்பியிருந்தன. பட்டாணியின் நிறத்தைப் போலவே நோய் தாங்கும் குணமும் விதிப்படி இறங்குகிறது என்று 1905இல் அவர் அறிவித்தார். அதுவரை துரு என்பது மழையின் தலையில், மண்ணின் தலையில், உரத்தின் தலையில் போடப்பட்ட பழியாகவே இருந்தது. அதன்பின் அது தேர்வு செய்து மாற்றக்கூடிய ஒன்றாயிற்று.

ஆனால் பிஃபன் கண்டது பாதிக் கதை. ஓர் ஊரில் துருவை அண்டவிடாத ரகம் இன்னோர் ஊரில் துருவேறிச் சாய்ந்தது. மினசோட்டாவில் எல்வின் ஸ்டாக்மன் இதைத் துலக்கினார். பூஞ்சாணம் ஒன்றே போலத் தெரிந்தாலும் அதற்குள் பல கிளையினங்கள் இருக்கின்றன. ஒன்றால் தாக்க முடியாத ரகத்தை மற்றொன்று தாக்கிவிடும். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. எந்த ரகத்தில் கொப்புளம் எழுகிறது, எதில் எழவில்லை என்பதைக் கொண்டுதான் அடையாளம் சொல்ல வேண்டும். அதற்காக ஸ்டாக்மனும் மோசஸ் லெவினும் 1922இல் 12 கோதுமை ரகங்களை அடையாள வரிசையாக வகுத்தார்கள். அந்தப் பன்னிரண்டில் ஒன்று இந்தியாவிலிருந்து போன கப்ளி. தமிழ்நாட்டு மளிகைக் கடையில் சம்பா கோதுமை என்று கேட்டு வாங்கும் எம்மர் கோதுமை வகையைச் சேர்ந்தது அது. கருந்துருவின் பெரும்பாலான கிளையினங்களைத் தாங்கிய கப்ளியிலிருந்து எஸ்.ஆர். 13, எஸ்.ஆர். 14 என்ற இரண்டு எதிர்ப்பு மரபணுக்களைப் பின்னாளில் பிரித்தறிந்தார்கள். நம் சமையலறைக்குப் பழக்கமான ஒரு தானியம் உலகக் கோதுமைக்கு இப்படி ஒரு கொடை தந்திருக்கிறது. பலருக்கு அது தெரியாமலே போனது வருத்தம்தான்.

ஸ்டாக்மனின் கண்டுபிடிப்பு சோதனை முறையையே மாற்றியது. “இந்த ரகம் துருவைத் தாங்குமா?” என்று பொதுவாகக் கேட்பதில் இனிப் பொருளில்லை. “எந்தத் துருவை?” என்று கேட்க வேண்டும். பதில் சொல்வதற்குத் துருவின் கிளையினங்களையெல்லாம் தனித்தனியாக, கலப்பில்லாமல், உயிரோடு வளர்த்து வைத்திருக்க வேண்டும். துருப் பூஞ்சாணமோ உயிருள்ள இலையில் மட்டுமே வளர்வது. ஆகவே ஒவ்வொரு கிளையினத்துக்கும் தனிக் கோதுமை நாற்றுகள், தனிக் கூண்டு, மற்றதன் வித்து ஒன்றுகூட வந்து விழாத காவல்.

இந்தியாவில் இந்த வேலையைத் தொடங்கியவர் ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் கரம் சந்த் மேத்தா. அவர் முன்னால் ஒரு புதிர் இருந்தது. வட இந்தியச் சமவெளியில் கோதுமை ஏப்ரலில் அறுவடையாகிறது. மே, ஜூன் வெயிலில் துருவின் வித்து பிழைத்திருக்க வழியில்லை. அப்படியிருந்தும் அடுத்த பட்டத்தில் துரு வந்துவிடுகிறது, எங்கிருந்து? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பார்பெரி என்ற முட்செடியில் கருந்துரு தன் வாழ்க்கைச் சுழற்சியின் ஒரு பகுதியைக் கழிக்கிறது; அமெரிக்காவில் 1918 முதல் அந்தச் செடியை ஊர் ஊராகத் தேடிப் பிடுங்கினார்கள். இந்திய மலைகளிலும் பார்பெரி உண்டு. ஆனால் இங்கே துருவைப் பரப்புவதில் அதற்குப் பங்கில்லை என்று மேத்தா கண்டார். பசை தடவிய கண்ணாடித் தகடுகளைப் பல ஊர்களில் காற்றில் வைத்து வித்துகளைப் பிடித்தார். சிம்லாவின் ஃப்ளவர்டேலில் ஆய்வுக்கூடம் அமைத்து, ஊர் ஊராக வந்த மாதிரிகளை வளர்த்துப் பார்த்தார். 1940இல் வெளியான அவருடைய நூல் விடை சொன்னது: துரு கோடையைக் கழிப்பது மலைகளில். வடக்கே இமயம், தெற்கே நீலகிரியும் பழனி மலையும்.

நீலகிரியில் ஆண்டு முழுவதும் கோதுமை வளரக்கூடிய குளிர் உண்டு. ஒரு போகம் அறுவடையாகும்போது அடுத்த போகம் பச்சையாக நிற்கும். உதிர்ந்த மணிகளிலிருந்து தானாக முளைத்த செடிகளும் இருக்கும். ஆகவே துருவுக்கு ஒருநாள்கூடப் பட்டினி இல்லை. அங்கிருந்து கிளம்பும் வித்துகள் கர்நாடகம், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் வரை போகின்றன. மலையில் கோடைப் பயிரைச் சில ஆண்டுகள் நிறுத்தினாலே சமவெளியில் நோய் குறையும் என்று மேத்தா பரிந்துரைத்தார். 1970களில் எஸ். நாகராஜனும் எச். சிங்கும் இந்தப் பயணத்தின் வானிலையைக் கணக்கிட்டார்கள். வடகிழக்குப் பருவகாலத்தில் கடலில் தோன்றும் புயல் மத்திய இந்தியாவுக்குள் போய் வலுவிழந்தால், நீலகிரியின் கருந்துரு வித்துகளை அது ஏந்திக்கொண்டு போய் மழையோடு இறக்கிவிடும். மழைநீரைப் பிடித்து அதில் வித்துகளைத் தேடி இதை உறுதிப்படுத்தினார்கள்.

துருவுக்கு இவ்வளவு தோதான இடம் சோதனைக்கும் அவ்வளவு தோதான இடம்தானே! குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வட்டார நிலையம் இருப்பது இதனால்தான். கோதுமை விளையாத மாநிலம் என்று பலர் நினைக்கும் தமிழ்நாட்டில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில், நாட்டின் கோதுமை விதைகள் பரீட்சை எழுதுகின்றன. டெல்லியிலும் பஞ்சாபிலும் ஏப்ரலில் அறுவடையான ஒட்டுச் சேர்ப்பு விதைகளை வெலிங்டனுக்குக் கொண்டுவந்து கோடைப் பயிராக விதைக்கிறார்கள். துரு இயற்கையாகவே வந்து தாக்குகிறது. தப்பிய செடிகளின் விதை நவம்பர் விதைப்புக்கு வடக்கே திரும்பிவிடுகிறது. ஓர் ஆண்டில் இரண்டு தலைமுறை கிடைப்பதால், பத்துப் பன்னிரண்டு ஆண்டு பிடிக்கும் ரக உருவாக்கம் கணிசமாகச் சுருங்குகிறது.

சோதனை இரண்டு கட்டமாக நடக்கிறது: முதலில் நாற்றில், பிறகு வளர்ந்த பயிரில்.

நாற்றுச் சோதனைக்குச் சிறு தொட்டிகளில் ஒவ்வொரு ரகத்திலும் சில விதைகள் போதும். ஏழெட்டு நாளில் முதல் இலை விரிந்ததும், நனைந்த விரல்களுக்கு நடுவே அதை மெல்ல உருவிவிடுகிறார்கள். இலைமேல் படிந்திருக்கும் மெழுகு அகன்றால்தான் நீர் ஒட்டும். பிறகு குறிப்பிட்ட ஒரு கிளையினத்தின் வித்துகளை நீரிலோ மெல்லிய எண்ணெயிலோ கலந்து தெளிக்கிறார்கள். தொட்டிகள் ஓரிரவு முழுக்க ஈரப்பதம் ததும்பும் மூடிய கூண்டுக்குள் இருக்கும். மறுநாள் பசுமைக்குடிலுக்கு மாறும். இரண்டு வாரம் கழித்து இலையைப் பார்த்து எண் போடுவார்கள். அறிகுறியே இல்லையென்றால் 0. ஊசி குத்தினாற்போல் சிறு புள்ளிகள் மட்டும் கருகி நின்றால் அரைப்புள்ளி ஒன்று: வித்து உள்ளே நுழைந்திருக்கிறது, ஆனால் அந்த இடத்துச் செல்களைச் செடி தானே சாகவிட்டு வழியை அடைத்துவிட்டது. சிறு கொப்புளம், சுற்றிலும் கருகல் என்றால் 1 அல்லது 2. கருகலே இல்லாமல் பெரிய கொப்புளமாகப் பொங்கியிருந்தால் 3, 4. இரண்டு வரை தேறியது. மூன்றும் நான்கும் தோல்வி. ஒரே ரகத்தைப் பல கிளையினங்களால் தனித்தனியாகத் தாக்கிப் பார்த்தால், அதற்குள் எந்த எதிர்ப்பு மரபணு இருக்கிறது என்பதையும் ஊகித்துவிடலாம். அனுபவம் உள்ளவர்கள் கண்ணாலேயே இதைச் சொல்லும் திறமை வியக்கத்தக்கது.

வயல் சோதனை வேறு மாதிரி. சோதிக்க வேண்டிய ரகம் ஒவ்வொன்றும் ஒரு குறுகிய வரிசை. குறிப்பிட்ட இடைவெளியிலும் வயலைச் சுற்றிலும், எளிதில் நோய் வாங்கும் பழைய ரகங்களை விதைக்கிறார்கள். ஆக்ரா லோக்கல் அவற்றில் பேர்போனது. அந்த வரிசைகளில் மாலை நேரத்தில் வித்துக் கலவையைத் தெளிப்பார்கள், அல்லது கதிர் உறைக்குள் ஊசியால் ஏற்றுவார்கள். அவற்றில் நோய் முற்றியதும் காற்று மற்ற வேலையைச் செய்துவிடும். நோய் முற்றிய வரிசைகளுக்கு நடுவிலும் பச்சையாக நிற்கும் ரகத்தை வயல் வரப்பிலிருந்தே அடையாளம் காணலாம்.

மதிப்பெண் போடுவதற்கு, 1892இல் ஆஸ்திரேலியாவில் நேதன் கோப் வகுத்த அளவையைத் திருத்திப் பயன்படுத்துகிறார்கள். இலையில் உண்மையாகவே 37 விழுக்காடு பரப்பைக் கொப்புளம் மூடிவிட்டால் அதுவே 100. அதற்குமேல் கொப்புளத்துக்கு இடமில்லை. இந்த எண்ணோடு கொப்புளத்தின் தன்மையைக் குறிக்கும் எழுத்தும் சேரும். இரண்டு ரகங்களிலும் நோயின் அளவு 40 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் கொப்புளம் தாராளமாகப் பொங்கியிருக்கிறது; அது எஸ், பெருக்கெண் 1, ஆக மதிப்பு 40. மற்றதில் கொப்புளம் சிறுத்து, சுற்றிலும் வெளிறியிருக்கிறது, அது எம்.ஆர்., பெருக்கெண் 0.4, ஆக மதிப்பு 16. தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே போல நோயுற்ற பயிர். வித்து உதிர்க்கும் திறனில்தான் வித்தியாசம். அடுத்த வயலுக்கு நோய் போகுமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

நாற்றுச் சோதனையோடு நிறுத்திக்கொண்டால் என்ன இழப்பு நேரும் என்பதற்கு எஸ்.ஆர். 2 என்ற மரபணு நல்ல சாட்சி. தெற்கு டகோட்டாவில் எட்கர் மெக்ஃபேடன் என்பவர் யாரோஸ்லாவ் எம்மரையும் மார்க்விஸ் கோதுமையையும் ஒட்டுச் சேர்த்து, 1920களில் ஹோப் என்ற ரகத்தை உருவாக்கினார். அதிலிருந்து வந்த மரபணு இது. இது இருக்கும் செடி நாற்றாக இருக்கும்போது துருவைத் தாங்காது. சோதனையில் தோற்றே தீரும். வளர்ந்த பிறகோ, துரு வரும், ஆனால் மெதுவாக வரும். பயிர் முற்றிவிடும்வரை நட்டம் தராத அளவிலேயே நின்றுவிடும். பழுப்புத் துருவுக்கு எல்.ஆர். 34 என்ற மரபணு இதே வகை. இத்தகைய எதிர்ப்பைக் காண வயலில் ஒருமுறை பார்த்துக் குறிப்பெழுதினால் போதாது. நோய் தொடங்கியது முதல் வாரம் தவறாமல் அளந்து, ஏறும் வேகத்தைப் பார்க்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் நாற்றிலேயே முழுமையாகத் தடுத்து நிறுத்தும் மரபணுக்கள் சில ஆண்டுகளில் தோற்றுப்போக, எஸ்.ஆர். 2 இத்தனை பத்தாண்டுகள் கழித்தும் பயன் தந்து வருகிறது. முழுத் தடையை மட்டுமே தேடியது கோதுமை ஆய்வின் தொடக்ககாலப் பிழை என்றே சொல்லலாம்.

தோற்றுப்போகும் கதைகளுக்குக் குறைவில்லை. பி.பி. பால் உருவாக்கி 1954இல் வெளியான என்.பி. 809 மூன்று துருக்களையும் தாங்கியது. அப்படிப்பட்ட முதல் இந்திய ரகம் அது. ஆனால் அதற்குப் பின் வந்த, பசுமைப் புரட்சியின் செல்லப்பிள்ளையான கல்யாண் சோனா 1970களில் துருவுக்குப் பணிந்தது. 1995இல் வந்த பி.பி.டபிள்யூ. 343 வடமேற்கு இந்தியாவின் வயல்களைப் பெருமளவில் பிடித்துக்கொண்டது. 2000களில் மஞ்சள் துருவின் புதிய கிளையினம் அதை வீழ்த்தியது. ரகங்கள் வலுவிழந்துவிடவில்லை, பூஞ்சாணம்தான் மாறிவிட்டது. ஒரே ரகம் பரந்த நிலத்தில் நிற்கும்போது, அதைத் தாக்கக்கூடிய ஒற்றை வித்து தற்செயலாகப் பிறந்தாலும் அதற்கு முன்னால் எல்லையில்லாத விருந்து விரிந்து கிடக்கிறது.

1998இல் உகாண்டாவில் நடந்தது இதற்குச் சிகரம். எஸ்.ஆர். 31 என்ற மரபணு உலகெங்கும் கருந்துருவைத் தடுத்து நின்றிருந்தது. அந்த மரபணு கொண்ட கோதுமையில் கருந்துருக் கொப்புளங்களை அங்கே ஒரு சோதனை வயலில்தான் முதலில் கண்டார்கள். அந்தக் கிளையினத்துக்கு யு.ஜி. 99 என்று பெயரிட்டார்கள். 90 வயதைக் கடந்திருந்த கோதுமை விஞ்ஞானி நார்மன் போர்லாக் 2005இல் உலகை எச்சரித்தார். கென்யாவில் 2,000 மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஞோரோவில் பெரிய சோதனைக் களம் உருவாயிற்று. இந்தியா உட்படப் பல நாடுகள் தங்கள் ரகங்களை அங்கே அனுப்பின. முதல் சோதனைகளில் பெரும்பாலானவை தோற்றன. தேறியவற்றைக் கொண்டு புதிய ஒட்டுகள் உருவாகின. நோயைத் தன் நாட்டுக்குள் கொண்டுவராமல், நோய் இருக்கும் இடத்துக்கு விதையைக் கொண்டுபோவது என்ற இந்த ஏற்பாடு அரசியல் எல்லைகளைத் தாண்டிய நல்ல ஒத்துழைப்பு.

துருவுக்காகப் பழகிய இந்த வழக்கம் வேறொரு பூஞ்சாண நோயில் உடனே கைகொடுத்தது. 1985இல் பிரேசிலில் முதன்முதலாகக் காணப்பட்ட கோதுமை குலைநோய், 2016இல் திடீரென்று வங்கதேசத்தில் தோன்றிச் சுமார் 15,000 ஹெக்டேரில் கதிர்களை வெளிறவைத்தது. நெல் குலைநோய்ப் பூஞ்சாணத்தின் நெருங்கிய உறவு அது. மேற்கு வங்க அரசு முர்ஷிதாபாத், நதியா மாவட்டங்களிலும் எல்லையோரத்திலும் கோதுமை பயிரிடுவதையே நிறுத்திவைத்தது. வங்கதேசம் தன் கையிலிருந்த ரகங்களைப் பொலிவியாவிலும் சொந்த மண்ணில் ஜசோரிலும் சோதித்தது. காட்டுப் புல்லினம் ஒன்றிலிருந்து கோதுமைக்கு வந்த 2என்.எஸ். என்ற மரபுத்துண்டு உள்ளவை தாக்குப்பிடித்தன. அவற்றில் ஒன்றான பாரி கோம் 33, நோய் வந்த மறு ஆண்டே, 2017இல், உழவர்களுக்கு வழங்கப்பட்டது. இந்திய ரகங்களும் அதே இரு நாடுகளுக்கும் சோதனைக்குப் போயின.